சர்வகலாசாலையில் ஆட்டமும் நாடகமும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் ரயில் பாதையில் பயணம் செய்வோர், தெற்கு வானை அடைத்து நிற்கும் நெல்லியாம்பதி மலைத்தொடரைக் கண்டதும் கொல்லங்கோடு நெருங்கிவிட்டதென்று அறிந்துகொள்வர். காயத்திரிப் புழையின் நீர் பாயும் நெல்வயல்களும் பனைமரங்களும் சூழ்ந்த இவ்வூர், 1956ஆம் ஆண்டு வரை சென்னை இராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அண்டையிலுள்ள சித்தூரோ கொச்சி மன்னரின் சீமையாக இருந்தது. இன்று இரண்டும் கேரள மாநிலத்துப் பாலக்காடு மாவட்டத்தில் அடங்கியுள்ளன. எல்லைக் கோடுகள் மாறினும், கடைவீதியில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று இடறாமல் நடமாடும் வழக்கம் மாறவில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பாலக்காட்டுத் தொடர்புடையவை பல. அவர்களுக்கு இவ்வூர்ப் பெயர் புதிதன்று.

இவ்வூரை முன்னிட்டு நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள், பல்கலைக்கழகத்தில் நடனத்தையும் நாடகத்தையும் சேர்த்துப் பயில்வது பற்றியதாகும். வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பெண்குழந்தை இருக்குமாயின், அவளுக்கு நாட்டியம் கற்பிப்பது ஏறத்தாழ ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. அக்குழந்தை வளர்ந்து, இக்கலையையே உயர்கல்வியாகப் பயில விரும்பும்போது, எங்கே சேர்ப்பது, எதைப் பயில்விப்பது என்ற வினா எழுகின்றது. விண்ணப்பத் தாளில் நடனத்துறை ஒரு கட்டமாகவும் நாடகத்துறை மற்றொரு கட்டமாகவும் நிற்கக் காண்கிறோம். இவ்விரண்டும் எப்போது பிரிந்தன? பிரிந்தவற்றைச் சேர்க்க யார் முயன்றனர்? இவ்வரலாற்றின் சில முக்கிய நிகழ்ச்சிகள், கொல்லங்கோட்டைக் கடந்து செல்லும் இந்த ரயில் பாதையின் இரு முனைகளை ஒட்டியே நடந்தேறின என்பது பலர் அறியாதது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு, முதலில் சொற்களைப் பார்க்கும் வழக்கம் விடுவதில்லை. நம் பாட்டனார் காலத்தில் பல்கலைக்கழகத்தைச் 'சர்வகலாசாலை' என்றனர். மலையாள நாட்டில் இன்றும் அச்சொல்லே வழங்குகின்றது. பழைய பெயரிலும் கலை உண்டு, புதிய பெயரிலும் கலை உண்டு. ஆயினும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் ஆடற்கலை நுழைவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. நாமும் கலைப் பட்டதாரிகளே. நாம் பெற்ற பட்டத்தில் வரலாறு இருந்தது, பொருளாதாரம் இருந்தது; கலை என்று சொல்லத்தக்கது ஏதும் இருந்ததாக நினைவில்லை. நாட்டியம், நாடகம் என்னும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் 'கூத்து' என்றால் அதில் ஆட்டமும் அடங்கும், கதையும் அடங்கும். மலையாளத்தில் 'களி' என்பதும் 'ஆட்டம்' என்பதும் அத்தன்மையனவே. கதையைக் களிப்பது கதகளி; கூடி ஆடுவது கூடியாட்டம்; கதகளிக்கு எழுதப்படும் நாடகநூலுக்குப் பெயர் ஆட்டக்கதை.

கொல்லங்கோட்டைச் சூழ்ந்த தேசங்களில் (இங்கே 'தேசம்' என்பது ஊர்ப்பகுதியைக் குறிக்கும்) ஆட்டத்தையும் நாடகத்தையும் பிரித்துப் பார்க்கும் எண்ணமே தோன்றியதில்லை. அறுவடை முடிந்த வேனிற்காலத்தில், பகவதி கோயிலின் முன்னே பந்தலிட்டு, விளக்கேற்றி, இரவெல்லாம் நிகழ்த்தப்படும் கண்ணியார்களியை எடுத்துக்கொள்வோம். ஆண்டிக்கூத்து, வள்ளோன், மலமை என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பெயருண்டு. வட்டமாகச் சுற்றிவரும் ஆட்டம் ஓய்ந்ததும் 'பொறாட்டு' எனப்படும் வேடக்காரர் வருவர். குறவனும் குறத்தியும் மலைவாசியும் பிற நாட்டிலிருந்து பிழைக்க வந்தவனுமாக அவர்கள் ஆடிப் பாடிப் பேசிச் சிரிக்க வைப்பர். அப்பாட்டுகளிற் பல தமிழிலோ, தமிழ் கலந்த மலையாளத்திலோ அமைந்தவை. பகலில் ஏர் பிடித்தவர்களே இரவில் வேடம் கட்டினர். இவர்களுக்கு ஆட்டம் ஒரு வகுப்பு, நடிப்பு மற்றொரு வகுப்பு என்று எவரும் கற்பித்ததில்லை. சித்தூர்க் காவில் ஆண்டுதோறும் நடைபெறும் கொங்கன்படை விழாவில், கொங்குநாட்டுப் படையெடுப்பு ஓர் ஊரே சேர்ந்து நடிக்கும் நாடகமாக ஆகிவிடுகின்றது. தோற்கடிக்கப்படுபவர் நம் கொங்குநாட்டார்தாம். அதற்காக அந்த விழாவைக் காண நாம் தயங்க வேண்டியதில்லை.

பாரதப்புழைக் கரையிலுள்ள பத்திரகாளி கோயில்களின் தோல்பாவைக்கூத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கூத்துமாடத்தின் வெண்திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகள் எரிய, மான்தோலில் வெட்டிய பாவைகளைப் புலவர்கள் ஆட்டுவர். பாடுவது எதை? கம்பராமாயணத்தை. மலையாள மண்ணில், மலையாளிகள் பரம்பரை பரம்பரையாகக் கம்பன் கவிகளை மனனம் செய்து, அவற்றிற்குப் பொருள் விரித்து வருகின்றனர். கூனத்தறை கிருஷ்ணன் குட்டிப் புலவர் இக்கலையை உலகறியச் செய்தவர். பல்கலைக்கழகத்தில் கம்பனைப் பயில்வோர் ஒரு முறையேனும் அம்மாடத்தின் முன் அமர்ந்து விடிய விடியக் கேட்கவேண்டும் என்பது எம் துணிபு.

பண்டைத் தமிழகத்தின் நிலையும் இதுவே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர், மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழமன்னன் முன்னிலையில் அரங்கேறினாள் என்பதை அறிவர். அவளுக்கு ஆசிரியர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியனோடு இசையாசிரியனும், பாட்டின் பொருளறிந்த புலவனும், தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியர்களும் இருந்தனர். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டதாக அரங்கு அமைக்கப்பட்டதென்றும் இளங்கோவடிகள் கணக்குச் சொல்கின்றார். ஓர் இளம்பெண்ணுக்காக ஆறு துறைகள் சேர்ந்து உழைத்தன என்று இதனை நாம் இக்கால மொழியில் பெயர்க்கலாம். அதே காப்பியத்தின் வஞ்சிக் காண்டத்தில், பறையூர்க் கூத்தச் சாக்கையன் என்பான் சேரன் செங்குட்டுவன் முன்னே கொட்டிச்சேதம் ஆடுகின்றான். உடலில் ஒரு பாதி உமையாகவும் மறுபாதி சிவனாகவும் நிற்கும் ஆட்டம் அது. அதை நடனம் என்பதா, நடிப்பு என்பதா? சாக்கியார் என்னும் பெயரோடு கூத்தாடும் குடியினர் கேரளத்தில் இன்றும் உள்ளனர் என்பது தமிழர் யாவரும் அறிந்து பெருமைகொள்ளத் தக்கது.

இனிக் கதகளிக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் கொட்டாரக்கரைத் தம்புரானின் இராமனாட்டத்திலிருந்து வளர்ந்து, கோட்டயத்துத் தம்புரானின் நான்கு ஆட்டக்கதைகளால் உரம்பெற்ற இக்கலையில், நடிகன் வாய் திறந்து பேசுவதில்லை. பாடகர் இருவர் பின்னே நின்று பாட, அவன் கையாலும் கண்ணாலும் காலாலும் பேசுகின்றான். அடிப்படை முத்திரைகள் 24. அவற்றைக் கொண்டு ஒரு காப்பியம் முழுவதையும் சொல்லிவிட முடிகின்றது. இத்தகைய நடிகனை உருவாக்குவது எளிதன்று. விடியற்காலம் மூன்று, நான்கு மணிக்கே எழுந்து கண்ணுக்கு நெய்யிட்டுக் கண்சாதகம் செய்யவேண்டும்; மழைக்காலத்தில் உடலெங்கும் எண்ணெய் பூசிப் படுக்க, ஆசான் மேலே ஏறி நின்று காலால் உழிந்து எலும்பையும் நரம்பையும் வசப்படுத்துவார்; பகலில் 'சொல்லியாட்டம்' நடக்கும். சொல்லியாட்டம் என்பதுதான் நம் பொருளுக்கு மையமானது. வேடமில்லாமல், பாட்டும் செண்டையும் ஒலிக்க, ஒரு பாத்திரத்தின் முழுப் பகுதியையும் ஆடிக் காட்டும் பயிற்சி அது. அதில் அடவும் உண்டு, அபிநயமும் உண்டு. முதல் வருஷம் நடனம், இரண்டாம் வருஷம் நாடகம் என்ற பாகுபாடு அங்கே இல்லை. இராவணனின் கோபத்தைக் காலால் மிதிக்கும்போதே அதைக் கண்ணிலும் வருவிக்க வேண்டும்.

இப்பயிற்சி பெருநிலக்காரர்களின் வீடுகளைச் சார்ந்த களரிகளில் நடந்தது. வெள்ளிநேழியில் ஓளப்பமண்ண மனையின் களரி புகழ்பெற்றது. கதகளிக் குழுவுக்குக் களியோகம் என்று பெயர். அதன் தலைவனே களியச்சன். சோறும் எண்ணெயும் அவர்கள் தந்தனர். கலைஞன் தன் உடலைத் தந்தான். இந்த ஏற்பாட்டை நாம் பொற்காலமென்று புகழ்வதற்கில்லை. அடியும் உண்டு, அவமதிப்பும் உண்டு. இன்ன குலத்தார் இன்ன ஆட்டமே ஆடலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆயினும் அங்கே காலம் தாராளமாக இருந்தது. பத்தாண்டு பயின்றவனையே ஆசான் 'இனி நீ ஆடலாம்' என்றார்.

இந்த ஆசானுக்கும் மாணவனுக்குமிடையிலான உறவைப் பாடிய கவி, கொல்லங்கோட்டில் ஆசிரியராயிருந்தவர் என்பதே எமக்கு இவ்வூரை நினைப்பூட்டியது. மலையாள மகாகவி பி. குஞ்சிராமன் நாயர் கொல்லங்கோடு ராஜாஸ் உயர்நிலைப் பள்ளியில் மலையாளம் கற்பித்து 1961இல் ஓய்வுபெற்றார். அவருடைய 'களியச்சன்' என்ற கவிதையில், குருவை மீறிச் சென்ற கதகளி மாணவன் ஒருவன், புகழும் இழந்து, வேடமும் இழந்து, தன் ஆசானை எண்ணி உருகுகின்றான். அப்பெயர் தாங்கிய தொகுதி 1959இல் கேரள சாகித்திய அக்காதமியின் பரிசைப் பெற்றது. பின்னர் திரைப்படத்திற்கும் கருவாயிற்று. மலையாள இலக்கியம் பயில்வோர் அதை உள்ளத்தின் கதையாகவும், பக்தியின் உருவகமாகவும் விளக்குவர். எமக்கோ அது கல்வியின் கதையாகவும் படுகின்றது. களரிகள் அழிந்துகொண்டிருந்த நாளில், மாணவன் ஆசானை இழந்தால் அவனுக்குப் போக்கிடம் ஏது? கவியின் பெயரால் கொல்லங்கோட்டில் கலாசார நிலையம் ஒன்று இன்றும் நடைபெறுகின்றது.

போக்கிடம் ஒன்று வேண்டுமென்று முன்பே உணர்ந்தவர் மற்றொரு கவி. வள்ளத்தோள் நாராயண மேனனுக்கு இளவயதிலேயே காது கேளாமற் போயிற்று. செண்டையின் ஒலி கேளாத மனிதர், கண்ணால் மட்டும் கண்டு அனுபவித்த ஒரு கலையைக் காப்பாற்றப் புறப்பட்டார்! மணக்குளம் முகுந்த ராஜாவின் துணையோடு, பரிசுச்சீட்டு நடத்திப் பணம் திரட்டி, 1930ஆம் ஆண்டு நவம்பரில் கேரள கலாமண்டலத்தைத் தொடங்கினார். பின்னர் அது பாரதப்புழைக் கரையிலுள்ள செறுதுருத்திக்கு வந்து சேர்ந்தது; 1941இல் கொச்சி அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஓளப்பமண்ணக் களரியின் மரபில் வந்த பட்டிக்காந்தொடி இராவுண்ணி மேனன் அங்கே ஆசானாக அமர்ந்தார். அவர் கொடுங்கல்லூர்க் குஞ்ஞுண்ணித் தம்புரானிடம் பரதமுனிவரின் ரஸக் கொள்கையைப் பாடம் கேட்டவர். காலின் கல்வியும் நூலின் கல்வியும் அவரிடம் கலந்தன. பல்கலைக்கழகம் இன்று எதைச் செய்ய முயல்கின்றதோ, அதை ஒற்றை மனிதராக அவர் செய்து காட்டினார் என்றால் மிகையாகாது. கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர், இராமன்குட்டி நாயர், வாழேங்கடை குஞ்சு நாயர் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

கலாமண்டலம் செய்த பெரும்புரட்சி கதகளியில் அன்று, கூடியாட்டத்தில் நிகழ்ந்தது என்பது எம் கருத்து. கோயிற் கூத்தம்பலத்திற்கு வெளியே ஆடலாகாது, சாக்கியாரும் நங்கையாரும் அல்லாதார் கற்கலாகாது என்றிருந்த கலை அது. 1949இல் மாணி மாதவ சாக்கியார் அகில இந்திய வானொலிக்காகக் கூத்து நிகழ்த்தியபோது, கோயில் மதிலுக்கு வெளியே அக்குரல் கேட்டது. வானொலிக்குச் சாதி தெரியாதன்றோ! 1962இல் டாக்டர் வே. ராகவனின் அழைப்பின்பேரில் அவர் சென்னையில் கூடியாட்டம் நிகழ்த்தினார். 1965இல் கலாமண்டலத்தில் கூடியாட்டத்திற்கெனத் துறை திறக்கப்பட்டு, பைங்குளம் ராம சாக்கியார் பிற குலத்து மாணவருக்கும் கற்பிக்க முன்வந்தார். தம் இனத்தாரின் வெறுப்பைப் பொருட்படுத்தாத அவருடைய நெஞ்சுரத்தால்தான் இன்று அக்கலை பிழைத்திருக்கின்றது. 2001இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் அரும்பாரம்பரியமாக அறிவித்தது.

2006இல் கலாமண்டலம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மலையாளத்தில் அதற்குக் 'கல்பித சர்வகலாசாலை' என்று பெயர். தமிழ்க் காதுக்குக் கற்பனையில் உண்டான பல்கலைக்கழகம் என்பதுபோல் ஒலிக்கும். ஒரு கவியின் கற்பனையில் பிறந்ததாதலால் அப்பெயர் பொருந்துவதே. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். மற்றப் பல்கலைக்கழகங்கள் பதினேழு, பதினெட்டு வயதில் மாணவரை ஏற்கின்றன. கலாமண்டலமோ எட்டாம் வகுப்பிலேயே சேர்த்து, உடன் தங்க வைத்து, காலை வேளையைக் களரிக்கும் பிற்பகலைப் பள்ளிப்பாடத்திற்கும் பங்கிட்டு, அப்படியே பட்டம் வரை, ஆராய்ச்சி வரை கொண்டுசெல்கின்றது. உடல் வளையும் வயது பன்னிரண்டு; பாத்திரத்தின் மனத்தை ஆராயும் வயது பதினெட்டு. நடனத்தையும் நாடகத்தையும் சேர்த்துக் கற்பிப்பதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். பாடத்திட்டத்தில் இரண்டு பெயரையும் அடுத்தடுத்து அச்சிட்டுவிட்டால் அது தீராது.

வடநாட்டில் இச்சிக்கலை வேறு விதமாக அணுகினர். உதயசங்கர் அல்மோராவில் நிறுவிய கலாசார நிலையம், 1940களின் முற்பகுதியில் சில ஆண்டுகளே நீடித்தது. அங்கே கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும், பரதநாட்டியத்திற்குத் தஞ்சை மரபினரான கந்தப்பப் பிள்ளையும், இசைக்கு அலாவுதீன் கானும் ஆசிரியர்களாயிருந்தனர். பணமுடையால் அது மூடப்பட்டது. பரோடாவில் 1949இல் தோன்றிய மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், இசை, நடனம், நாடகம் மூன்றுக்கும் ஒரே கல்லூரியை அமைத்தது. நாடகத் துறையை வளர்த்த சந்திரவதன் மேத்தா வானொலியில் பணியாற்றியவர். நடனத் துறையின் வேரோ தஞ்சாவூரில் இருந்தது. 1880இல் தஞ்சை அரசகுமாரியைச் சயாஜிராவ் மணந்தபோது அவளுடன் அனுப்பப்பட்ட நர்த்தகியர், நட்டுவனார் குழுவின் மரபில் வந்த குபேர்நாத் தஞ்சோர்கர் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். வெளிமாநிலத் தமிழர் வரலாற்றில் இது பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க செய்தி. பிற்காலத்தில் அதே பரோடாவில் நிகழ்கலைத் துறைகளின் தலைமையை ஏற்ற சி. வி. சந்திரசேகரும் சிம்லாவில் பிறந்த தமிழரே. கொல்கத்தாவில் 1962இல் தொடங்கிய இரவீந்திர பாரதிப் பல்கலைக்கழகமும் இம்மூன்று கலைகளையும் முதன்மையாக ஏற்றது.

சென்னையில் கலாக்ஷேத்திரம் பல்கலைக்கழகமாகாமலே இதைச் செய்தது. ருக்மிணி தேவி மலபாரிலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் போன்ற கதகளி ஆசான்களை வரவழைத்து, பரதம் பயின்ற மாணவர்க்குக் கதகளியின் நடிப்பையும் ஊட்டினார். 1944இல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சியும், பின்வந்த இராமாயண நாட்டிய நாடகங்களும் அதன் பயன்கள். தனியாக நின்று ஆடும் பெண் ஒருத்தியின் கலையாக இருந்த சதிர், பலர் கூடி நடிக்கும் நாடகமாக விரிந்ததற்கு மலையாளக் களரியின் பங்கு பெரிது.

இப்போது நம் ரயில் பாதைக்குத் திரும்புவோம். அதன் கிழக்கு முனை திண்டுக்கல். அதன் அருகே காந்திகிராமம். அங்குள்ள கிராமியக் கல்வி நிலையத்தில் மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையும், நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜமும் ஆசிரியர்களாயிருந்தனர். இராமானுஜம் தில்லியில் தேசிய நாடகப் பள்ளியில் அல்காஜியிடம் பயின்றவர். ஒருவர் மலையாளி, மற்றவர் தமிழர். இருவரையும் வருத்திய கேள்வி ஒன்றே. மேடையிலே திரை கட்டி, நாற்காலி போட்டு, உட்கார்ந்து வசனம் பேசுவதுதானா நாடகம்? நம் கூத்தின் உடல் எங்கே போயிற்று? சங்கரப் பிள்ளையும் சி. என். ஸ்ரீகண்டன் நாயரும் தோழர்களும் 1967இல் சாஸ்தாங்கோட்டையில் 'நாடகக் களரி' கூட்டினர். கதகளியாசானின் சொல்லான 'களரி'யை நாடகக்காரர் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். 'தனது நாடக வேதி', அதாவது நமக்கே உரிய நாடக அரங்கு, என்னும் இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. காவாலம் நாராயணப் பணிக்கர் அதனை உலகப் புகழ் பெறச் செய்தார்.

1977இல் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகம் திருச்சூரில், அரணாட்டுக்கரையில், நாடகப் பள்ளியைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் சங்கரப் பிள்ளை. அதே ஆண்டில் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் நெடும்பயிற்சிப் பட்டறை நடந்தது. தமிழ் நவீன நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர் அதனைத் தவறாமல் குறிப்பர். இராமானுஜமும் திருச்சூர் சென்று பல ஆண்டுகள் அப்பள்ளியில் கற்பித்தார். தமிழரொருவர் மலையாளிகளுக்கு நாடகம் கற்பித்ததும், அவரை அவர்கள் தம்மவராகவே ஏற்றதும், பாலக்காட்டுக் கணவாய் வழியே நெடுங்காலமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலின் ஒரு பகுதியே.

திருச்சூரில் வந்த மாணவர் பதினெட்டு வயதைக் கடந்தவர், உடல் இறுகியவர், பெரும்பாலும் ஆட்டமே அறியாதவர். அவர்களுக்குக் கதகளி நடிகனின் உடலைக் கொடுக்க மூன்றாண்டுகளில் இயலாது. ஆகவே அப்பள்ளி வேறு வழியை நாடியது. களரிப்பயிற்றினால் உடலை இளக்கி, நாட்டுக்கூத்துகளை நேரிற் காணச் செய்து, ஆட்டத்தின் இலக்கணத்தை நாடகத்திற்குப் பயன்படுத்தக் கற்பித்தது. கலாமண்டலம் ஆட்டத்திலிருந்து தொடங்கி நூலுக்குச் சென்றது; திருச்சூர் நூலிலிருந்து தொடங்கி ஆட்டத்துக்கு வந்தது. இரண்டிற்கும் இடையே இரண்டு மணி நேரப் பயணங்கூட இல்லை. ஆயினும் அவை இரு வேறு பல்கலைக்கழகங்கள், இரு வேறு பட்டங்கள்.

பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறைக்கு இராமானுஜம் வந்தபோது, மலையாளத்தில் கற்றதையும் உடன் கொண்டுவந்தார். 1989இல் அவர் இயக்கிய 'வெறியாட்டம்', கிரேக்க நாட்டு யூரிபிடீசின் டிராய் நகரத்துப் பெண்டிர் நாடகத்தைத் தழுவியது. போரில் எல்லாம் இழந்த பெண்களின் துயரை அவர் தமிழ்நாட்டு ஒப்பாரியால் வெளிப்படுத்தினார். மார்பில் அடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி அழும் நம் கிராமத்துப் பெண்ணின் அசைவு நடனமா, நாடகமா? பிற்காலத்தில் திருக்குறுங்குடியில் மங்கிக் கிடந்த கைசிக நாடகத்தை மீட்டெடுக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். 2016இல் அவர் மறைந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த பள்ளியும், அதற்கு முதல் வடிவம் தந்த இந்திரா பார்த்தசாரதியும் இவ்வரிசையில் தனியே பேசத்தக்கவர்.

விதிகளைப் பற்றி ஒரு சொல். அரசு விதிகளைப் பெயர்ப்பதே எம் பிழைப்பாதலால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பட்டமில்லாத மரபுக் கலைஞரும் ஆசிரியராகலாம் என்று வழி வைத்தன. இசைக்கும் நடனத்திற்கும் ஒரு பத்தி. வானொலியின் 'ஏ' தரக் கலைஞராயிருத்தல் அங்கே ஒரு தகுதி. நாடகத்திற்கு வேறொரு பத்தி, வேறு தகுதிகள். நன்னோக்கத்துடன் எழுதப்பட்ட விதிகளே இவை. ஆனால் கதகளி ஆசானை எந்தப் பத்தியில் வைப்பது? கண்ணியார்களியில் பொறாட்டுக் கட்டும் முதியவரை எங்கே வைப்பது? கன்னங்குழிய நடித்து, கால் தேய ஆடிய தெருக்கூத்து வாத்தியார் எப்பத்தியின் கீழ் விண்ணப்பிப்பார்? மொழிபெயர்க்கும்போது 'நடனம்' என்றும் 'நாடகம்' என்றும் எழுதிவிடுவது எளிது. 'கூத்து' என்று எழுத அங்கே இடமில்லை.

இதனால் பல்கலைக்கழகமே கலைக்குப் பகையென்று சொல்லும் கூட்டத்தாரோடு நாம் சேரவில்லை. களரியில் காலம் தாராளமாயிருந்தது, கதவு குறுகலாயிருந்தது. பல்கலைக்கழகத்தில் காலம் குறுகிற்று, கதவு அகன்றது. கலாமண்டலத்தில் கதகளி பயிலப் பெண்குழந்தைகளுக்கு 2021இல்தான் இடம் தரப்பட்டது. தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்! மோகினியாட்டம் பயில ஆண்பிள்ளைகளையும் சேர்ப்பதென்ற முடிவு 2024இல் வந்தது. பழைய களியோகங்களாயின் இன்னும் இருநூறு ஆண்டுகள் சென்றாலும் இவை நடந்திரா. ஒரு பொதுநிறுவனம், பொதுப்பணத்தில் நடப்பது, எல்லார்க்கும் விடைசொல்லக் கடமைப்பட்டது என்பதால் இது நடந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பெற்றோர் இதிலிருந்து எதைக் கொள்ளலாம்? மகளோ மகனோ நாட்டியம் பயின்று வருவாராயின், அரங்கேற்றத்தோடு நில்லாமல், வர்ணத்தில் வரும் நாயகியை ஒரு பாத்திரமாக எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் யார், எதற்காகக் காத்திருக்கின்றாள், தோழியிடம் ஏன் சினக்கின்றாள் என்று கேளுங்கள். நாடகத் துறையில் சேர விரும்பினால், அதற்கு முன்பே உடற்பயிற்சி தொடங்கியாக வேண்டும். பதினெட்டு வயது வரை காத்திருக்கலாகாது. விடுமுறையில் பாலக்காட்டுப் பக்கம் வருவீர்களாயின், மாசி முதல் சித்திரை வரையுள்ள மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொல்லங்கோட்டைச் சுற்றிய தேசங்களில் ஏதேனும் ஒரு பந்தலில் விளக்கெரிந்துகொண்டிருக்கும். நுழைவுச் சீட்டு வேண்டுவதில்லை. நள்ளிரவுக்குப் பின்தான் பொறாட்டு சூடுபிடிக்கும். ஆதலால் பிள்ளைகளை மாலையிலேயே சற்று உறங்கவைத்து அழைத்துச் செல்வது நல்லது.